மரத்தடி மண்ணும் வெட்டவெளி மண்ணும்

ஒட்டன்சத்திரத்திலிருந்து தாராபுரம் நோக்கிப் போகப் போக, சாலையின் இரு பக்கமும் கிளுவை வேலி தென்படத் தொடங்கும். வேலிக்குள் உழாத நிலம். அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்வேல மரம், நடுவில் கொழுக்கட்டைப் புல், புல்லுக்குள் தலை புதைத்து மேயும் செம்மறிகள். புதிதாகப் பார்ப்பவர் இதைத் தரிசு என்றுதான் நினைப்பார். தரிசு இல்லை. பட்டா நிலம், யாரோ ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாக வைத்துக் காப்பாற்றி வருகிற மேய்ச்சல் காடு. கொறங்காடு என்று பெயர். காங்கேயம், மூலனூர், கரூர்ப் பக்கம் இது அதிகம்; திண்டுக்கல் மாவட்டத்தின் வடமேற்கு ஓரமும் அந்த வட்டாரத்தோடு சேர்ந்ததே. காங்கேயம் மாடு பெயர் பெற்றதற்குப் பாதிக் காரணம் இந்தப் புல்காடுதான் என்பேன்.

மரத்தோடு பயிரையோ புல்லையோ சேர்த்து வளர்த்தால் மண் என்ன ஆகும் என்று கேட்டு வருகிறவர்களை நான் முதலில் இங்கேதான் அனுப்புகிறேன். நைரோபியில் 1978-ல் இதற்கென்றே ஓர் உலக ஆய்வு மையம் தொடங்கினார்கள். இந்தியா 2014-ல் வேளாண் காடுகளுக்கென்று தேசியக் கொள்கை வெளியிட்டது. இவை எல்லாவற்றுக்கும் முன்பே நம் பக்கத்து மேட்டு நிலத்தில் மரமும் புல்லும் ஆடும் மாடும் ஒரே வேலிக்குள் இருந்தன. ஆகவே பாடத்தை நம் காட்டிலிருந்தே படிப்போம்.

கையில் ஒரு களைக்கொத்து போதும்

மாசி மாதம், மண் காய்ந்திருக்கும் நாளாகப் பாருங்கள். நடுவயதுள்ள ஒரு வெள்வேல மரத்தின் நிழல் வட்டத்துக்குள், அடிமரத்துக்கும் நிழல் ஓரத்துக்கும் நடுவில் உட்காருங்கள். மேலே கிடக்கும் சருகையும் காய்ந்த நெற்றையும் கையால் ஒதுக்குங்கள். அதற்குக் கீழே பாதி மக்கிய தூள், ஆட்டுப் புழுக்கை உடைந்த பொடி, சின்னச் சின்னக் காம்புகள் விரல் நகம் அளவு கனத்தில் படிந்திருக்கும். அதையும் ஒதுக்கினால் மண். நம் செம்மண்தான், ஆனால் நிறம் ஒரு படி மங்கிப் பழுப்பேறியிருக்கும். களைக்கொத்தைச் செருகினால் இறங்கும். எடுத்த கட்டியை உடைத்துப் பாருங்கள். பருக்கை பருக்கையாக உதிரும், உள்ளே நூல் போல வேர் ஓடியிருக்கும்.

இப்போது எழுந்து முப்பது நாற்பது அடி நடந்து, புல்லும் இல்லாத ஒரு மொட்டைத் திட்டில் இதையே செய்யுங்கள். களைக்கொத்து முதல் அடியில் "டங்"கென்று திரும்பும். மேலே பொறுக்குத் தட்டியிருக்கும். கட்டியை உடைத்தால் பாளமாக உடையும், அல்லது வெறும் மணலாகக் கொட்டும். இந்த இரண்டும் ஒரே காட்டு மண், ஒரே மழை குடித்த மண்.

இரண்டு இடத்துக் கட்டியிலும் சுண்டைக்காய் அளவுக்கு ஒன்று எடுத்து, வீட்டுக்கு வந்து இரண்டு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி மெதுவாகப் போடுங்கள். மொட்டைத் திட்டின் கட்டி அநேகமாக ஐந்து நிமிடத்துக்குள் கரைந்து அடியில் சேறாகப் படியும். மரத்தடிக் கட்டி குமிழி விட்டபடி உருவம் கலையாமல் நிற்கும். மழைத்துளி விழும்போது வயலில் நடப்பதும் இதேதான். கரையும் மண் துளைகளை அடைத்துக்கொள்கிறது. தண்ணீர் இறங்க வழியில்லாமல் மேல் மண்ணையும் இழுத்துக்கொண்டு ஓடைக்குப் போகிறது. நம் ஊரில் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில் சில நாட்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். அந்தச் சில நாள் மழையை மண் குடித்ததா வழியவிட்டதா என்பதில்தான் மானாவாரிக்காரனின் அந்த வருஷம் இருக்கிறது.

இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் இரு முனையும் வெட்டிய ஒரு தகர டின் எடுத்துக்கொள்ளுங்கள். வாய் அகலம் ஆறு அங்குலம் இருக்கட்டும். மண்ணில் இரண்டு மூன்று அங்குலம் இறங்கும்படி பலகை வைத்துத் தட்டுங்கள். உள்ளே ஒரு துணியை விரித்து 450 மில்லி தண்ணீர் ஊற்றித் துணியை உருவிவிடுங்கள். அந்த அகலத்துக்கு இது ஓர் அங்குல மழைக்குச் சமம். தண்ணீர் மறைய எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரத்தில் பாருங்கள். முதல் முறை காய்ந்த மண் அவசரமாகக் குடிக்கும். ஆகவே இரண்டாவது முறை ஊற்றும் கணக்கை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த வளம் எங்கிருந்து வந்தது

கொறங்காட்டு ஓரத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் ஒரு முறை கேட்டேன்: "ஏனுங்கய்யா, மரத்தடியில மட்டும் மண்ணு இப்படிப் பூப்போல இருக்கே, இலை விழுறதாலயா?" அவர் மரத்தைப் பார்க்கவில்லை, ஆட்டைக் காட்டினார். "உச்சி வெயிலுக்கு எல்லாம் எங்க வந்து படுக்குதுன்னு பாருங்க தம்பி."

அவர் சொன்னதை யோசிக்க யோசிக்க, நான் அதுவரை மேடையில் பேசி வந்த பலதையும் திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. ஆடு காடு முழுக்க மேய்கிறது. வெயில் ஏறியதும் நிழலில் ஒதுங்கி அசை போடுகிறது. புழுக்கையும் மூத்திரமும் நிழலில் விழுகின்றன. ஆக, மரத்தடி வளத்தில் ஒரு பங்கு வெட்டவெளியிலிருந்து ஆட்டின் வயிற்றில் ஏறி வந்தது. காடு முழுவதற்குமான கணக்கில் அது புது வரவு இல்லை, இடமாற்றம். மரத்தடி மண்ணை மட்டும் சோதித்துவிட்டு "மரம் வைத்தால் மண் இவ்வளவு உயரும்" என்று யாராவது சொன்னால், ஆடு எங்கே படுத்தது என்று கேளுங்கள்.

உண்மையான புது வரவுகளும் உண்டு. ஒன்று, வேர். கொழுக்கட்டைப் புல் பல்லாண்டுப் புல். மேலே மேயப்பட்டாலும் தூர் அப்படியே இருக்கும். ஒவ்வொரு மேய்ச்சலுக்குப் பிறகும் பழைய வேரில் ஒரு பங்கு செத்து மண்ணோடு சேர்கிறது, மழையில் புதுவேர் ஓடுகிறது. கண்ணில் படாத இந்த எரு, இலைச் சருகுக்குக் குறைந்ததில்லை. இரண்டு, புல்லோடு பின்னிக் கிடக்கும் நரிப்பயறு போன்ற கொடிகள். பயறு இனத்து வேர் முடிச்சில் குடியிருக்கும் ரைசோபியம் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தருகிறது. மூன்று, ஆழத்திலிருந்து மரம் ஏற்றும் சத்து. புல்வேர் எட்டாத இடத்துச் சாம்பல் சத்தும் சுண்ணாம்பும் இலை வழியாக மேலே வந்து விழுகின்றன. நான்கு, வேலி. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்று பழனி, ஒட்டன்சத்திரம் பக்கமெல்லாம் புழுதி வாரி அடிக்கும். கிளுவை வேலியின் அடியில் போய்ப் பாருங்கள்: சருகும் மெல்லிய மண்ணும் ஒதுங்கி, வேலியோரம் நிலமட்டமே சற்று உயர்ந்திருக்கும். வேலி இல்லாத காட்டில் அந்த மண் அடுத்த ஊருக்குப் போயிருக்கும்.

இவற்றுக்கெல்லாம் மேலே நான் வைப்பது உழாமை. நம் வெயிலில் மொட்டை மண்ணின் மேற்பரப்பு கோடை மதியத்தில் 50 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில், ரோட்டாவேட்டர் மாவாக்கிய மண்ணில், மக்கு எரிந்து போவதைப் போலக் காற்றோடு போய்விடுகிறது. கொறங்காட்டில் சில வருஷத்துக்கு ஒரு முறைதான் உழுது சோளம் விதைப்பார்கள். பிறகு மறுபடியும் புல்லுக்கு விட்டுவிடுவார்கள். அந்த ஓய்வுதான் மண்ணைச் சேர்த்துப் பிடித்து வைத்திருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

மண் பரிசோதனை அட்டையில் அங்ககக் கரிமம் என்று ஒரு வரி இருக்கும். 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் குறைவு, 0.75-க்கு மேல் போனால் அதிகம். நம் செம்மண் மானாவாரிக் காடுகளின் அட்டையில் பெரும்பாலும் "குறைவு" என்றுதான் வரும்.

ஓர் ஏக்கரில் மேல் அரையடி மண் மட்டும் ஏறக்குறைய 9 லட்சம் கிலோ. கரிமம் 0.3-லிருந்து 0.4 ஆக, அதாவது வெறும் 0.1 கூட, 900 கிலோ கரிமம் மண்ணில் தங்க வேண்டும். காய்ந்த சருகில் பாதிக்குச் சற்றுக் குறைவுதான் கரிமம். ஆக 2 டன் சருகு. ஆனால் போடுவதெல்லாம் தங்காது. நம் சூட்டில் மூன்றில் இரண்டு பங்கோ அதற்கு மேலோ ஓரிரண்டு வருஷத்தில் காற்றில் கலந்துவிடும். அப்படியானால் 6 டன்னுக்கு மேல் காய்ந்த சருகும் வேரும் எருவும் அந்த ஏக்கருக்குள் விழுந்தாக வேண்டும். ஒரு வருஷத்தில் மண் பொன்னாகும் என்று யாராவது மரக்கன்று விற்றால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். நல்லபடியாகச் செய்தாலும் ஐந்தாறு வருஷ வேலை.

இதனால்தான் விற்பனை விஷயத்தில் நான் கறாராகப் பேசுகிறேன். ஆட்டு எரு லாரியில் ஏறி வெளியூர் போகிறது. வேப்பஞ்சருகைக் கூட்டிக் கொளுத்துகிறோம். தழையை ஒடித்து வேறெங்கோ ஆட்டுக்குப் போடுகிறோம். இத்தனையும் செய்துவிட்டு வரப்பில் நாலு மரம் நிற்பதால் மண் வளரும் என்று எதிர்பார்த்தால் நடக்காது. விழுந்தது அங்கேயே மக்கினால்தான் வரவு.

தழை உரத்திலும் இதே நேர்மை வேண்டும். கிளிரிசிடியா தழையைக் காய வைத்து எடை போட்டால் அதில் சுமார் 3 சதவீதம் தழைச்சத்து. பச்சைத் தழையில் நாலில் மூன்று பங்குக்கு மேல் தண்ணீர். 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் 20 கிலோவுக்குச் சற்று மேல் தழைச்சத்து இருக்கிறது. அதற்கு ஈடாக 3 டன் பச்சைத் தழை வெட்ட வேண்டும். மலைக்காதீர்கள். யூரியா மூட்டையில் கரிமமாகச் சேரக்கூடியது ஒன்றுமில்லை. 3 டன் தழையோடு மண்புழுவுக்கும் நுண்ணுயிருக்கும் தீனி சேர்ந்து போகிறது. வரப்பு நீளத்துக்கும் மூன்றடிக்கு ஒன்றாகக் கிளிரிசிடியா போத்து ஊன்றி, புரட்டாசி விதைப்புக்கு முன்னால் ஒரு வெட்டு, பொங்கல் கழித்து ஒரு வெட்டு என்று பழகினால் இரண்டு மூன்று வருஷத்தில் யூரியாவைக் குறைத்துப் பார்க்கும் தைரியம் வரும்.

பயறு இனத்து மரமெல்லாம் தழைச்சத்தைப் பிடிக்கும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அகத்தி, கிளிரிசிடியா, சூபாபுல், புங்கன் பிடிக்கும். புளியும் மஞ்சக்கொன்றையும் அந்தக் குடும்பம்தான், ஆனால் வேர் முடிச்சு வைப்பதில்லை. வேம்பு வேறு குடும்பம்.

பயிர் நிலத்தில் மரம்

மேய்ச்சல் காட்டில் மரம் பெரும்பாலும் நன்மைதான். உழவு நிலத்தில் அப்படி ஒரே பேச்சாகச் சொல்ல முடியாது. மண் மேம்பட்டும் விளைச்சல் குறையலாம். மரத்தை ஒட்டிய முதல் நாலைந்து சால் சோளம் குட்டையாக நிற்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அங்கே மண் மோசமில்லை. நிழலும் தண்ணீர்ப் போட்டியும்தான் காரணம். சோளம், கம்பு, மக்காச்சோளம் மூன்றும் வெயில் தின்னும் பயிர்கள், நிழல் ஆகாது. தட்டைப்பயறும் கொள்ளும் ஓரளவு பொறுக்கும். சேனையும் மஞ்சளும் நிழலோடு இணங்கிப் போகும்.

நிழல் எங்கே விழும் என்பதை முன்கூட்டியே கணக்கிடலாம். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். நம் ஊரில் 20 அடி மரத்தின் நண்பகல் நிழல் வடக்கே 13 அடி வரை நீளும். மானாவாரிப் பயிர் கதிர் வாங்குகிற நேரம் அது. ஆகவே நிலத்தின் வடக்கு எல்லையில் வைத்த மரம் உங்கள் பயிரை மறைக்காது. ஆனால் வடக்கே பாதையோ ஓடையோ இருந்தால் மட்டும் அப்படிச் செய்யுங்கள். பக்கத்துக் காட்டுக்காரர் பயிரில் நிழலைத் தள்ளிவிட்டு மண் வளம் பேசுவது நியாயமில்லை, வரப்பு வழக்கில்தான் போய் முடியும். நிலத்துக்குள்ளே வரிசை வைப்பதென்றால் கிழக்கு மேற்காக ஓட்டுங்கள். நிழல் பெரும்பாலும் வரிசைக்குள்ளேயும் அதன் வடபுறம் ஒரு பட்டையிலுமாக அடங்கிவிடும்.

வேருக்கு வழி: மரத்திலிருந்து ஐந்தாறு அடி தள்ளி, பயிர்ப் பக்கமாக ஒன்றரை அடி அகலம், இரண்டு இரண்டரை அடி ஆழத்தில் குழி வெட்டுங்கள். மேலோட வரும் பக்க வேர் அறுபடும். குழியை வெறுமனே விடாமல் சருகும் சோளத்தட்டையும் போட்டு மூடினால் மழைநீரும் அதில் நிற்கும், தட்டையும் மக்கும். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை மறுபடி வெட்ட வேண்டும். அடிக்கிளை கழிப்பதைப் பயிர் விதைக்கும் முன்பே முடித்துவிடுங்கள்.

ஆப்பிரிக்காவின் சகேல் பகுதியில், செனகல் முதலிய நாடுகளில், ஒரு வேலமரம் இருக்கிறது. மழைக்காலம் தொடங்கும்போது இலையைக் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கும், கோடையில் தழைக்கும். பயிர் காலத்தில் நிழலும் இல்லை, கொட்டிய இலை எருவாகிறது. அதனடியில் கம்பு வெட்டவெளியைவிட நன்றாக விளைகிறது. அந்த மரத்தைத் தேடி நாம் போக வேண்டியதில்லை. பயிர் காலத்துக்கு முன்னால் கிளை கழித்து, தழையை மண்ணில் போட்டால், அந்த மரம் தானாகச் செய்வதை நாம் கையால் செய்தவர்களாகிறோம். ராஜஸ்தானில் வன்னி மரத்தைக் கம்புக் கொல்லைக்குள் விட்டு வைத்துக் காலாகாலத்தில் கழித்து வருகிறார்கள். வன்னி நம் ஊர் மரமும்கூட.

நம் மாவட்டத்தில் ஏற்கெனவே மரம் நிற்கும் தோட்டங்களுக்கு ஒரு வார்த்தை. முருங்கைக்கு நிழல் மெல்லியது, இடையில் சின்ன வெங்காயமோ பயறோ நன்றாக வரும். ஆனால் அதன் சிற்றிலை ஒரே வாரத்தில் காணாமல் போய்விடும், மண்ணில் பெரிதாக எதுவும் சேராது. கவாத்துக் கழிவை வெளியே எறியாமல் வரிசையிலேயே பரப்புங்கள். நத்தம் பக்கத்து மாந்தோப்புகளில் சருகு கனமாக விழும், ஆனால் மா இலை மக்க நாளாகும். வேகமாக மக்கும் தழையை, அதாவது கொள்ளையோ சணப்பையையோ தோப்புக்குள் விதைத்துப் பூக்கும்போது மடக்கி, அந்தச் சருகோடு கலந்துவிட்டால் இரண்டும் சேர்ந்து மக்கும். ஆத்தூர், அய்யம்பாளையம் தென்னந்தோப்புக்காரர்கள் மட்டையையும் உரிமட்டையையும் கொளுத்தாமல் வட்டப் பாத்தியில் அடுக்கினாலே போதும்.

சீமைக்கருவேல் பற்றியும் கேட்பார்கள். 2017-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை அகற்றச் சொன்னபோது ஊரெல்லாம் வெட்டினார்கள். அது தண்ணீருக்கும் புல்லுக்கும் போட்டி போடும் மரம், விட்டால் காட்டையே மூடிவிடும். வைத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன். ஆனால் நாள்பட்ட கருவேலின் அடி மண்ணில் தழைச்சத்தும் மக்கும் நன்றாகவே சேர்ந்திருக்கும். பொக்லைன் வைத்து வேரோடு தோண்டும்போது அந்த மேல் மண்ணைக் கீழே புதைத்து, சுக்கானை மேலே கொண்டுவந்து விடுகிறார்கள். மேல் அரையடி மண்ணைத் தனியே ஒதுக்கிவைத்து, குழி மூடிய பிறகு மேலே பரப்பச் சொல்லுங்கள். கொளுத்த வேண்டாம். அடுத்த மழைக்குள் கொள்ளோ நரிப்பயறோ விதைத்து மூடிவிடுங்கள்; வெறுமையாக விட்டால் கருவேல் விதையே திரும்ப முளைக்கும்.

மேய்ச்சலில் கவனிக்க வேண்டியது

பெரியவர் காட்டிய இடமாற்றத்தைத் திருப்பிவிட ஒரு வழிதான் உண்டு: பட்டி. பகலில் ஆடு மரத்தடியில் சேர்த்ததை இரவில் வெட்டவெளியில் சேர்க்க வைக்க வேண்டும். தூக்கிப் போடக்கூடிய படல் வைத்து, காட்டிலேயே மெலிந்த திட்டாகப் பார்த்து இரவுப் பட்டி போடுங்கள். மூன்று நாலு இரவுக்கு ஒரு முறை படலைத் தள்ளிப் போடுங்கள். கோடை முடிவதற்குள் மொட்டைத் திட்டெல்லாம் ஒரு சுற்று வந்துவிடும். முதல் மழையில் அங்கே முளைக்கும் புல்லே பட்டியின் எல்லையைக் கோடு போட்டுக் காட்டும்.

புல் முளைத்து வரும் மழை நாட்களில் காட்டைப் பூட்டி வையுங்கள். கொழுக்கட்டைப் புல் பூத்து விதை உதிர்த்த பிறகு ஆட்டை விட்டால் அந்த விதை உங்கள் காட்டிலேயே விழும். மேய்ந்து முடிந்தாலும் தூர் நாலு விரல் உயரம் நிற்க வேண்டும். அதற்குக் கீழே மேய விட்டால் கொழுக்கட்டை செத்து, அந்த இடத்தை ஆடு தொடாத ஊசிப்புல் பிடித்துக்கொள்ளும். ஈர மண்ணில் மாடு மிதித்தால் மண் இறுகும். பெருமழைக்கு மறுநாள் தொழுவத்திலேயே தட்டை போடுங்கள்.

மண் எடுத்து அனுப்புதல்

மண் பரிசோதனைக்கு எடுக்கும்போது மரத்தடி, வரப்பு, எருக்குவியல் தவிர்க்கச் சொல்வார்கள். உரப் பரிந்துரைக்கு அது சரி. நமக்கு வேண்டியது வேறு கணக்கு, ஆகவே இரண்டு பை எடுங்கள். நிழல் வட்டத்துக்குள் ஐந்தாறு மரங்களின் கீழிருந்து சேர்த்துக் கலந்தது ஒன்று. அதே மரங்களிலிருந்து நாற்பது அடி தள்ளி எடுத்தது ஒன்று. சருகை ஒதுக்கி, ஆங்கில 'வி' போலக் குழி வெட்டி, ஓரத்தில் மேலிருந்து கீழாக அரையடி ஆழத்துக்கு ஓர் அங்குல கனத்தில் செதுக்குங்கள். நிழலில் உலர்த்தி, நாலாகப் பகுத்து எதிர்ப் பங்குகளைத் தள்ளி, அரைக் கிலோ மிஞ்சும்வரை குறையுங்கள். பை மீது "மரத்தடி", "வெளி" என்று எழுதுங்கள். வேளாண்மைத் துறையின் பரிசோதனை நிலையத்திலோ காந்திகிராம வேளாண் அறிவியல் மையத்திலோ கேட்டு அனுப்பலாம். 2015 முதல் வரும் மண்வள அட்டையில் 12 விவரங்கள் இருக்கும்; நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது கரிமம்.

இரண்டு பைக்கும் உள்ள வித்தியாசம் வருஷா வருஷம் கூடுகிறதென்றால் மகிழ்ந்துவிடாதீர்கள். வெளி மண் மெலிந்தும் வித்தியாசம் கூடும். "வெளி" என்று எழுதிய பையின் எண் ஏறுகிறதா என்று பாருங்கள். அது மூன்று வருஷமாக நகரவில்லை என்றால் பட்டி போதவில்லை, அல்லது எரு எங்கேயோ வெளியே போகிறது. ஒவ்வொரு மாசியிலும் அதே இடத்தில், அதே டின்னோடு உட்கார்ந்து, இரண்டாவது தண்ணீர் மறைந்த நிமிடத்தையும் அட்டையின் பின்புறமே எழுதி வையுங்கள்.